மிக்ஸி தானா செத்துச்சா, சாகடிச்சாங்களா?

(காட்டூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

வேங்கூர், கூத்தைப்பார், நவல்பட்டு, கிளியூர் என்று பல ஊர்களில் இருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். களையெடுத்துட்டு கை கால் கழுவின கையோட நேரா வந்தவங்களும் இருக்கீங்க. வழக்கமாக நாங்கள் வந்தால் கடன் திருப்புதல், நிலுவை, வங்கி இணைப்பு என்று ஆரம்பிப்போம். இன்றைக்கு அதெல்லாம் கடைசியில். முதலில் மிக்ஸியைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. இதுவும் கடன் விஷயம்தான்.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா இருக்கிறார். பேர் வேண்டாம். வீட்டு வாசலில் இட்லி, வடை போட்டு விற்கிறார். எட்டு வருஷமாக ஒரு மாதம்கூட சேமிப்பு தவறியதில்லை. அப்படிப்பட்டவர் தொடர்ந்து மூன்று மாதம் சேமிப்பு கட்டவில்லை. குழுவில் முணுமுணுப்பு வந்துவிட்டது. "அவங்களே கட்டலைன்னா நாங்க எதுக்குக் கட்டணும்" என்று இரண்டு பேர் கேட்டும்விட்டார்கள். ஊக்குநர் எங்களிடம் சொன்னதும் நேரில் போய் உட்கார்ந்து பேசினோம். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். அப்புறம் அடுப்படியைக் காட்டினார். அங்கே இரண்டு மிக்ஸி இருந்தது.

முதல் மிக்ஸி 4,200 ரூபாய். குழுவில் உள்கடன் வாங்கி, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், பத்துத் தவணையில் கட்டுவதாகப் பேச்சு. ஏழு தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டார். ஏழாவது மாதத்தில் ஒரு நாள் காலையில் சட்னி அரைக்கும்போது உள்ளே பொறி பறந்து, நின்றுவிட்டது. வாங்கின கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பெருமையாக, "இட்லிக் கடை வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "வியாபாரத்துக்குப் பயன்படுத்தினா வாரண்டி கிடையாது, மோட்டாரே மாத்தணும், 1,900 ரூபாய் ஆகும், அதுவும் பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆகும்" என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பவும் கடை. "ஏம்மா பழசுக்குச் செலவு பண்றீங்க, புதுசு எடுத்துக்குங்க, வட்டியில்லாத் தவணை இருக்கு" என்றார்கள். மறுநாள் காலை சட்னிக்கு வழி வேண்டும். எடுத்துவிட்டார். 5,400 ரூபாய் மிக்ஸி, மாதம் 900 வீதம் ஆறு மாதம். அது போக 'பிராசஸிங்' என்று 350 ரூபாய். ஓடாத மிக்ஸிக்குக் குழுவில் மூணு தவணை பாக்கி, ஓடுகிற மிக்ஸிக்குப் பைனான்ஸ் கம்பெனியில் ஆறு தவணை. சேமிப்பு எங்கிருந்து வரும்?

அந்தப் பழைய மிக்ஸியை நாங்கள் வாங்கிக்கொண்டு வந்து காட்டூரில் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு அண்ணனிடம் கொடுத்தோம். அடி மூடியில் நாலு ஸ்க்ரூ. மூணு சாதாரண ஸ்க்ரூ. நாலாவது, நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் எதற்கும் அடங்காத மூணு காது வைத்த ஸ்க்ரூ. அந்த அண்ணன் தேடிப் பிடித்து ஒரு டூல் கொண்டு வந்து திறந்தார். பார்த்தால் காயில் நல்லா இருக்கு. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அவ்வளவுதான். பிரஷ் ஒரு ஜோடி போட்டு, கூலியோடு 150 ரூபாய். இன்றைக்கும் ஓடுகிறது.

150 ரூபாய் வேலைக்கு 5,750 ரூபாய் கடன். எட்டு வருஷம் கட்டிக் காப்பாற்றிய நல்ல பேருக்கும் கெடுதல். இதைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றிப் பேசியே ஆகணும் என்று நாங்கள் முடிவு செய்தோம். அந்த அக்காவிடம் அனுமதி கேட்டோம். "சொல்லுங்க, இன்னொருத்தி ஏமாற வேண்டாம்" என்றார்.

பிறகு மற்ற குழுக்களின் கடன் பதிவேட்டையும் எடுத்துப் புரட்டினோம். கடன் வாங்கிய காரணம் என்ற கட்டத்தில் மருத்துவம், படிப்பு, ஆடு, விதை, உரம் எல்லாம் இருக்கிறது. கூடவே 'வீட்டு உபயோகப் பொருள்' என்று அடிக்கடி வருகிறது. அதே உறுப்பினர், அதே காரணம், இரண்டு மூன்று வருஷ இடைவெளியில் மறுபடியும். அந்த ஒரு வரியை நாம் யாரும் இதுவரை நின்று கேள்வி கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறோம்.

கொஞ்சம் பழைய கதை. நம் அம்மா காலத்தில் தெருவில் "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்று குரல் வரும். உளியும் சுத்தியலும் வைத்து அரை மணி நேரம் கொத்தினால் தேய்ந்த அம்மி மறுபடி புதுசு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் வருவார். அரிவாளுக்குச் சாணை பிடிக்க, குடைக்குக் கம்பி மாற்ற, கட்டிலுக்குக் கயிறு பின்ன, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் இருந்தார். பொருள் என்றால் தேயும், பழுதாகும், சரி பண்ணலாம். அதுதான் எல்லோருக்கும் தெரிந்த முறை.

இதைச் சொன்னதும், "அப்ப திரும்ப அம்மிக்கே போகச் சொல்றீங்களா" என்று பின் வரிசையில் ஒரு பாட்டி கேட்கிறார். இல்லை பாட்டி. அம்மியில் அரைத்தவங்க தோள்பட்டை வலி நமக்குத் தெரியும். பழைய காலம் பொற்காலம் என்று பேசுகிற ஆம்பளைகள் யாரும் அம்மியில் மிளகாய் அரைத்தது கிடையாது. மிக்ஸி வேண்டும், கிரைண்டர் வேண்டும், போனும் வேண்டும். ஆனால் வாங்கின பொருள் உழைக்க வேண்டும்.

இயந்திரம் என்றாலே சீக்கிரம் கெடும் என்பதும் சரியில்லை. கிரைண்டரைப் பாருங்கள். 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் நம் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்து உருவாக்கியது அது. இன்றைக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. பழைய பெரிய கிரைண்டரில் கல் தனி, டிரம் தனி, மோட்டார் தனி, நடுவில் ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தால் பெல்ட் மட்டும். மோட்டார் புகைந்தால் காயில் கட்டினால் போதும். கல் தேய்ந்தால் கொத்தலாம். அதனால்தான் இருபது வருஷக் கிரைண்டர் இன்னும் சில வீடுகளில் உருண்டுகொண்டு இருக்கிறது. இப்போது வருகிற சில சின்ன மாடல்களில் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி வருகிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தால் மொத்தப் பொருளும் மூலைக்குப் போகிறது.

ஆயுளைக் குறைத்துச் செய்கிற வேலை இன்று நேற்று வந்ததில்லை. நூறு வருஷம் ஆகிறது. 1924-ல் உலகத்தில் குண்டு பல்பு செய்கிற பெரிய கம்பெனிகள் ஸ்விட்சர்லாந்து நாட்டில் ஜெனீவாவில் ஒன்றுகூடின. ஜெர்மனியின் ஆஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கோடு தொடர்புள்ள கம்பெனிகள் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கூட்டுக்குப் 'பீபஸ்' என்று பேர். அப்போது பல்புகள் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்தன. இனிமேல் 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று பேசி முடித்தார்கள். ஒவ்வொரு கம்பெனியின் பல்பையும் வாங்கி எரிய விட்டுப் பார்த்து, அதிக நேரம் எரிந்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். கவனியுங்கள், சீக்கிரம் ப்யூஸ் ஆனதற்கு அபராதம் இல்லை, ரொம்ப நாள் உழைத்ததற்கு அபராதம்! இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தக் கூட்டு உடைந்தது. 1,000 மணி நேர பல்பு வெளிச்சம் அதிகம் தரும், கரண்டும் மிச்சம் என்று அவர்கள் பக்கம் ஒரு நியாயம் சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. அந்த அளவுக்கு நல்ல சரக்காக இருந்திருந்தால் விற்பவர்கள் தனித்தனியாகவே செய்திருக்கலாமே, கூடி உட்கார்ந்து அபராதம் எதற்கு என்பதுதான் எங்கள் கேள்வி.

1932-ல் அமெரிக்காவில் பெர்னார்டு லண்டன் என்று ஒருவர் சின்னப் புத்தகமே போட்டார். அப்போது அங்கே பெரிய மந்தம், கோடிக்கணக்கான பேருக்கு வேலை இல்லை. அவர் என்ன யோசனை சொன்னார் தெரியுமா? ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுள் குறிக்கணும். அந்தத் தேதி வந்ததும் ஜனங்கள் பொருளைக் கொண்டுவந்து ஒப்படைக்கணும், அதை அழித்துவிடணும். அதற்கு மேலும் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் வரி கட்டணும். அப்போதுதான் ஜனங்கள் புதுசு வாங்குவார்கள், ஆலை ஓடும், வேலை கிடைக்கும் என்றார். எந்த அரசாங்கமும் அதைச் சட்டமாக்கவில்லை. சட்டம் தேவைப்படவில்லை, கம்பெனிகள் தாங்களே பார்த்துக்கொண்டன. அதற்கு முன்னாலேயே 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி வருஷா வருஷம் காரின் தோற்றத்தையும் நிறத்தையும் மாற்றி, போன வருஷக் கார் வைத்திருப்பவரை வெட்கப்பட வைத்துவிட்டது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? கெட்டவர்கள் என்பதாலா? அப்படி மட்டும் சொன்னால் விஷயம் புரியாது. நம் இட்லிக் கடை அக்காவையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு இட்லி வாங்கினவருக்கு நாளைக்கும் பசிக்கும். மறுபடி வருவார். மிக்ஸி விற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு தெருவில் நூறு வீடு, நூறு வீட்டிலும் நல்ல மிக்ஸி வந்துவிட்டால் அந்தத் தெருவில் அவருக்கு வேலை முடிந்தது. ஆனால் ஆலைக்குப் போட்ட முதலுக்கு வருஷா வருஷம் லாபம் வந்தாக வேண்டும், போன வருஷத்தைவிடக் கூடுதலாக வேண்டும். பங்குதாரர்கள் கேட்பார்கள். அதனால் மிக்ஸிக்கும் பசி உண்டாக்க வேண்டியிருக்கிறது. முதலாளித்துவம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதன் ஒரு முகம் இதுதான். நல்ல முதலாளி, கெட்ட முதலாளி இரண்டு பேருமே இதே ஓட்டத்தில்தான் ஓட வேண்டியிருக்கிறது.

உண்டாக்குகிற வழிகள் பல. ஒன்று நாம் பார்த்தது, திறக்க முடியாத ஸ்க்ரூ, ஒட்டி மூடின உடம்பு. இன்னொன்று, மூன்று வருஷத்தில் மாடலை நிறுத்திவிட்டு, "அந்த ஜாருக்கு இப்ப பிளேடு வர்றதில்லைம்மா" என்று சொல்வது. போனில் இது ரொம்ப அதிகம். முன்னே மாதிரி பின் மூடியைக் கழற்றி பேட்டரியை மாற்றுகிற போன்கள் இப்போது அபூர்வம். பேட்டரி வீக்கானால் பெரும்பாலும் கடைக்குத்தான் போகணும். போன் நல்லா இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற மென்பொருள் பழசு என்று வாட்ஸ்அப் ஓடாது, பேங்க் ஆப் ஓடாது. குழுக் கணக்கே போனில் வருகிற காலத்தில் நாம் என்ன செய்வோம், புதுசு வாங்குவோம்.

கெடாத பொருளையே கெட்டுப்போனதாக நினைக்க வைப்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். கலர் டிவி ஞாபகம் இருக்கா? 2006 செப்டம்பரில் ஆரம்பித்த அரசுத் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல் வீடுகளுக்கு இலவசமாக வந்தது. முதுகு பெருத்த டிவி. அதில் பலதும் நன்றாகவே ஓடிக்கொண்டு இருந்தது. செட்டாப் பாக்ஸ் வந்த பிறகும் அதில் படம் தெரிந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் சுவரில் மாட்டுகிற டிவி வந்ததும் நம் டிவி அசிங்கமாகிவிட்டது. பிள்ளைகள் கேட்டார்கள், வந்த சம்பந்திகள் பார்த்தார்கள். தூக்கிப் பரண்மேல் வைத்தோம், பிறகு பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். 2011-ல் வந்த இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் சில வீட்டுப் பரணில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறது. போய்ப் பாருங்கள், அதில் எத்தனை உண்மையிலேயே செத்தது, எத்தனை ஒரு கப்ளருக்காகக் காத்திருக்கிறது என்று.

அந்த டிவி எங்கே போனது? பழைய டிவியின் கண்ணாடிக் குழாயில் கிலோக் கணக்கில் ஈயம் இருக்கிறது. உடைத்தால், மண்ணில் புதைத்தால் அது விஷம். செம்புக் கம்பிக்காக ஒயரை எரித்தால் வருகிற புகையும் விஷம். நாம் உட்கார்ந்திருக்கிற காட்டூருக்குப் பக்கத்தில்தான் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு. சுமார் 47 ஏக்கர். திருச்சி நகரம் பல பத்து வருஷமாகக் கொட்டின குப்பை. அது தீப்பிடித்த நாட்களில் அந்தப் புகை யார் வீட்டுக்குள் வந்தது என்று இந்தப் பக்கத்து உறுப்பினர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கடையில் புதுசு வாங்குவது ஒருத்தர், இருமுவது இன்னொருத்தர்.

சீர்வரிசையைப் பற்றியும் சொல்லியாகணும், கோபித்துக்கொள்ளக் கூடாது. மகளுக்கு மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்றால் மிக்ஸி, கிரைண்டர், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் மேடையில் அடுக்க வேண்டியிருக்கிறது. அது உழைக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை, பளபளப்பு இருக்கா என்று பார்க்கிறார்கள். நாமும் அப்படித்தான் எடுக்கிறோம். பொண்ணு வீட்டில் ஒரே பொருள் மூன்று சேர்ந்துவிடும். கடன் மட்டும் அம்மா கணக்கில். இதில் கம்பெனியைத் திட்டி ஒன்றும் ஆகாது.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். திருவெறும்பூரில் பெல் ஆலை இருக்கிறது. நம் உறுப்பினர்கள் வீட்டிலேயே அங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க உண்டு. அங்கே அனல் மின் நிலையத்துக்குப் பாய்லர் செய்கிறார்கள். பாய்லர் வாங்குகிறவர் கடைக்கு வந்து, "எந்தக் கலர் இருக்கு" என்று கேட்பதில்லை. இருபத்தைந்து வருஷம் ஓடணும், இன்ன இன்ன உதிரி பாகம் தரணும், இன்னாருக்குப் பயிற்சி தரணும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பணம் தருவார். பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது, 1928-லிருந்து இங்கே இருக்கிறது. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினைக் கழற்றிப் பூட்டிச் சரி செய்வது அங்கேதான். ஸ்விட்சர்லாந்தில் செய்து நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த வகை எஞ்சின். அந்த வகையில் புது எஞ்சினே பொன்மலைத் தொழிலாளர்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆக, நம் ஊரில் ஒரு பக்கம் நூறு வருஷ எஞ்சின் ஓடுகிறது, நம் அடுப்படியில் ஏழு மாசத்து மிக்ஸி சாகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் தொழில்நுட்பம் இல்லை. பெரிய ஆள் நிபந்தனை போட்டு வாங்குகிறார். நாம் ஒவ்வொருத்தராகத் தனியாகப் போய், விற்கிறவர் சொல்வதைக் கேட்டு வாங்குகிறோம். தனியாளாக வங்கிக்குப் போனபோது நம்மை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை, குழுவாகப் போனபோது மேனேஜர் எழுந்து வந்தார். அது ஞாபகம் இருந்தால் போதும்.

எல்லாப் பழியும் கம்பெனிமேல் போட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வீட்டு மிக்ஸியில் ஜார் நிறைய ஊற வைத்த உளுந்தைப் போட்டு நிறுத்தாமல் பத்து நிமிடம் ஓட்டினால் எந்த மோட்டாரும் தாங்காது. கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, பாதி ஜார் மட்டும் போடணும். சூடாகி நின்றுவிட்டால் பல மிக்ஸியில் அடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். சூடு ஆறினதும் அதை அமுக்கினால் மறுபடி ஓடும். அது தெரியாமல் "மிக்ஸி போச்சு" என்று கடைக்குத் தூக்கிப் போனவர்கள் நம்மிலேயே உண்டு. ஜாருக்கு அடியில் சுற்றுகிற கப்ளர் உடைவதும் குறை இல்லை. ஜார் சிக்கிக்கொண்டால் மோட்டார் எரியாமல் இருக்க அது முதலில் உடையும்படிதான் செய்திருக்கிறார்கள், ப்யூஸ் மாதிரி. ரொம்ப விலை குறைந்ததைத் தேடித் தேடி வாங்குவதும் நம் வழக்கம்தான். விலையைக் குறைக்கக் குறைக்க, அவர்கள் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றுவார்கள்.

அடுத்து அந்த வட்டியில்லாத் தவணை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி எக்ஸ்சேஞ்ச் என்று பேனர் வைக்கும்போது இதுவும் கூடவே வரும். வட்டி இல்லாமல் யாராவது கடன் தருவார்களா, நாமே நம் குழுவில் தருவதில்லையே! 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. வட்டி விலையிலோ, பிராசஸிங் கட்டணத்திலோ, கொடுக்காத தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். தவணை என்று பிறகு சொல்லுங்கள்.

இனி சட்டம். அந்த அக்காவைச் சர்வீஸ் சென்டரில் "வியாபாரம்" என்று சொல்லி அனுப்பினார்கள் இல்லையா. கம்பெனி தரும் வாரண்டி அட்டையில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது, வாங்கும்போதே படித்துப் பார்க்கணும், படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லணும். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2019-ல் வந்த புதுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வியாபார நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் இல்லை என்று அதில் இருக்கிறது. அடுத்த வரியிலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. வாசலில் இட்லி விற்கிற பெண்ணும், தையல் மெஷின் வாங்கின பெண்ணும் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோர் என்று கேட்க முடியும். எங்களுக்கே இது முன்பே தெரிந்து அந்த அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எங்கள் தவறு.

பில் இல்லாமல் எதுவும் நடக்காது. "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றோம்" என்று கடையில் சொன்னால் அந்தக் குறைவு நமக்கு லாபம் இல்லை. பில்லையும் வாரண்டி அட்டையையும் போட்டோ எடுத்து குழு வாட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள், தாளில் உள்ள மை சில மாதத்தில் அழிந்துபோகிறது. புகார் என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் திருச்சியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகணும் என்பதும் இல்லை. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு சாதனம், வாகனம் என்று நாலு துறை. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் தொடங்கினார்கள், கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி பாக விவரம் அதில் கிடைக்கும். படித்த பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் வேண்டுமென்றே பொருளின் ஆயுளைக் குறைப்பது 2015 முதல் குற்றம், இரண்டு வருஷம் சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். 2021 முதல் போன், டிவி, வாஷிங் மெஷின் போன்ற பொருள்களில், இதைச் சரி செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மார்க் என்று கடையிலேயே ஒட்ட வைத்தார்கள். புது மென்பொருள் போட்டால் பழைய ஐபோனின் வேகம் குறையலாம் என்பதை வாங்கினவர்களிடம் சொல்லவில்லை என்று 2020-ல் ஆப்பிள் கம்பெனிக்கு அங்கே 2.5 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே.

"இதையெல்லாம் கழற்றிப் பூட்ட நமக்கு என்ன தெரியும்" என்று தோன்றும். ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு கிராமம். அங்கே உள்ள வெறுங்கால் கல்லூரியில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் படித்தார்கள். ஆப்பிரிக்காவில் இருந்தெல்லாம் பெண்கள் வந்து, பாஷை தெரியாமலே, வயரின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தங்கள் ஊருக்குப் போய் விளக்குப் போட்டார்கள். நம் தங்கச்சிகள் தையல் மெஷினைத் திறந்து எண்ணெய் விட்டு, பாபினைச் சரி பண்ணுகிறார்கள். கார்பன் பிரஷ் அதைவிடக் கஷ்டம் இல்லை. ஒன்றே ஒன்று, பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்கணும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

போன மாதம் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் இரண்டு விஷயம் பேசியிருக்கிறோம், தீர்மானம் இன்னும் எழுதவில்லை, உங்கள் கருத்து வேண்டும். வீட்டு உபயோகப் பொருளுக்கு உள்கடன் கேட்டால், பழசை ஒரு முறை திறந்து பார்த்த பிறகுதான் கொடுப்பது. இதில் எதிர்ப்பு இருக்கிறது என்று தெரியும். "என் சேமிப்பு, என் கடன், நீங்க யாரு என் மிக்ஸியைத் திறக்க" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டாயம் வேண்டாம், கேட்கிறவர்களுக்கு மட்டும் உதவி என்று வைக்கலாமா என்று யோசியுங்கள். இரண்டாவது, தீபாவளிக்கு முன்னால் எத்தனை பேருக்கு மிக்ஸி, கிரைண்டர் உண்மையிலேயே வேண்டும் என்று குழுவாரியாகக் கணக்கெடுத்து, கூட்டமைப்பு பேரில் ஒரே கடையில் மொத்தமாக விலை கேட்பது. விலை குறைப்பு மட்டும் கேட்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்குப் பிரஷ், கப்ளர், ஜார், பிளேடு கிடைக்கும் என்று எழுதித் தரணும், சுயதொழில் செய்கிறவர்களுக்கும் வாரண்டி உண்டு என்று பில்லிலேயே எழுதணும். ஒரு கடைக்காரர் முடியாது என்றால் அடுத்த கடை. சிங்காரத்தோப்பில் கடைகளுக்கா பஞ்சம்?

அந்த இட்லிக் கடை அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். குழுவின் மூணு தவணையில் இரண்டைக் கட்டிவிட்டார். பைனான்ஸில் இன்னும் பாக்கி இருக்கிறது. விட்ட சேமிப்பை மாதம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்ட குழு ஒப்புக்கொண்டிருக்கிறது, தண்டம் போடவில்லை. முணுமுணுத்த இரண்டு பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் காயில் கட்டுகிற அண்ணனை வரச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஓடாத மிக்ஸி ஒன்று கொண்டு வாருங்கள். கழுவித் துடைத்து எடுத்து வாங்க, ஜாரும் மூடியும் சேர்த்து. பழைய சட்னியோடு கொண்டு வந்தால் அந்த அண்ணன் தொட மாட்டார், இப்போதே சொல்லிவிட்டார். சரி, ஊக்குநர்கள் பதிவேட்டை எடுங்க, நிலுவைக் கணக்குக்கு வருவோம்.